குடை யாருக்கு?

அம்மாவும் பெரியம்மாவும் இதுவரை ஏழு தடவை கப்பல் சுற்றுலா போயிருக்கிறார்கள். ஏழும் ஒரே கம்பெனி. பினாங்கு, புக்கெட் என்று மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள். இரண்டு பேரிடமும் தங்க நிற உறுப்பினர் அட்டை இருக்கிறது. அந்தக் கம்பெனி கொடுத்த நீலப் பையில்தான் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவிலிருந்து மீன் வாங்கி வருவாள்.

நாங்கள் இருப்பது காத்தோங். சரியாகச் சொன்னால், காத்தோங் கடலாக இருந்த இடம். 1966இல் கிழக்குக் கடற்கரையைத் தூர்க்க ஆரம்பித்தார்கள். எழுபதுகளில் அந்தப் புது மண்மேல் மரின் பரேட் வீவக அடுக்குமாடிகள் எழுந்தன. எங்கள் புளோக் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அலை அடித்திருக்கும். இப்போது கடல் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் பன்னிரண்டாவது மாடி சமையலறை ஜன்னலில் நின்றால் நங்கூரம் போட்ட கப்பல்கள் வரிசையாகத் தெரியும். அம்மாவுக்குக் கப்பல் ஆசை வந்ததே அந்த ஜன்னலால்தான் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரத்தில் அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மாசத்துக்கு ஒன்பது பத்து வரும். இது கொஞ்சம் ஸ்பெஷல். பெயர் சொல்லி அழைத்து, ‘உங்களைப் போன்ற நீண்டநாள் விருந்தினருக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. இரண்டாவது ஆளுக்குப் பாதிக் கட்டணம், 48 மணி நேரம்தான். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். “பெரியம்மாகிட்ட பேசிட்டேன். டிசம்பர்ல போட்டுடு.”

ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்தேன். சலுகைக் குறியீட்டைப் போட்டால் உறுப்பினர் விலை போய்விட்டது. உறுப்பினர் எண்ணைப் போட்டால், இந்தச் சலுகையை உறுப்பினர் விலையோடு சேர்க்க முடியாது என்றது. பெரியம்மா கணக்கு தனி, அம்மா கணக்கு தனி. ரெண்டு பேர் புள்ளிகளையும் ஒரே அறைக்குப் பயன்படுத்த வழி இல்லை. இதையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று தளம் வெளியே தள்ளியது. திரும்ப உள்ளே போனால் அதே அறைக்கு 60 வெள்ளி கூட. மறுநாள் தொலைபேசியில் 35 நிமிஷம் பாட்டு கேட்டேன். கடைசியில் வந்த குரல் மிகப் பணிவாக, அதை இணையத்தில்தான் செய்ய முடியும் என்றது. ஒருவழியாக 1,120 வெள்ளி கட்டினோம்.

அடுத்த வாரம் லிஃப்டில் கீழ்வீட்டு ஆண்ட்டியைப் பார்த்தோம். அவரும் அதே கப்பல், அதே தேதி, அதே வகை அறை. பயணக் கண்காட்சியில் பதிவு செய்தாராம். இரண்டு பேருக்கு 940. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கப்பலில் கால் வைக்கப் போகிறார்.

வீட்டுக்கு வந்து அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “ஏழு தடவ போயிருக்கோம்டா. நம்மள தெரியாதா அவங்களுக்கு?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாததால் அல்ல. தெரியும். நல்லாவே தெரியும். அதனால்தான் அந்த விலை.

*

நான் மென்பொருள் பொறியாளன். என் வேலையின் ஒரு பகுதி, யாருக்குத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்புவது என்று முடிவு செய்யும் நிரலைப் பராமரிப்பது. கப்பல் கம்பெனி இல்லை, வேறு துறை. ஆனால் கணக்கு ஒன்றுதான். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் தருவோம்: இவர் அடுத்த மூன்று மாதத்தில் நம்மை விட்டுப் போக எவ்வளவு வாய்ப்பு? எண் பெரிதாக இருந்தால் கூப்பன் போகும். சிறிதாக இருந்தால் போகாது. எப்படியும் வாங்கப் போகிறவருக்கு எதற்குக் காசை விட வேண்டும்? தங்க அட்டைக்காரர்கள் பெரும்பாலும் அந்தச் சின்ன எண்ணில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு மடல் போகும், பெயர் போட்டு, நன்றி சொல்லி. காசு போகாது.

மடல் அனுப்புகிற இயந்திரம் வேறு, அறைகளின் விலையை நிர்ணயிக்கிற இயந்திரம் வேறு. முதலாவதுக்கு அம்மாவின் பெயர் தெரியும், பிறந்தநாள் தெரியும். இரண்டாவதுக்குத் தெரிந்ததெல்லாம் எத்தனை அறை மிச்சம், கப்பல் கிளம்ப எத்தனை நாள் என்பதுதான். நடுவில் பாலம் போடச் செலவாகும். அந்தச் செலவால் யார் கூடுதலாக வாங்குவார் என்று கேட்பார்கள். போகாதவருக்காக யாரும் பாலம் போடுவதில்லை.

இதற்கு இங்கிலாந்தில் ஒரு பெயரே உண்டு: விசுவாசத் தண்டனை. 2018இல் அங்குள்ள மக்கள் ஆலோசனை அமைப்பு ஒன்று இதைப் பற்றிப் பெரிய புகார் கொடுத்தது. பிறகு 2022 ஜனவரி முதல், வீட்டுக் காப்புறுதியிலும் வாகனக் காப்புறுதியிலும் பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் வாங்கக் கூடாது என்று நிதித்துறைக் கட்டுப்பாட்டாளர் விதி போட்டார். ஒரு நாடு விதி போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு இது வழக்கமான விஷயம்.

இது கணினி வந்த பிறகு வந்த வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். பழைய கப்பல்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

*

விசுவாசத்துக்குச் சன்மானம் என்பதைப் பெரிய அளவில் ஒரு முறையாகவே நடத்திக் காட்டியவை கப்பல் கம்பெனிகள். 1875இல் இங்கிலாந்துக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடிய கம்பெனிகள் கூடி, ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் ஒரே கட்டணம் வைப்பது என்று ஒப்பந்தம் போட்டன. இரண்டு வருஷம் கழித்து அதில் இன்னொரு ஏற்பாடு சேர்ந்தது. ஒரு வணிகர் தன் சரக்கை எல்லாம் இந்தக் கூட்டணிக் கப்பல்களில் மட்டுமே அனுப்பினால், கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். ஆனால் உடனே கிடைக்காது. பல மாதம் கழித்துத்தான். அதற்குள் ஒரே ஒரு மூட்டையை வெளியார் கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்திருந்த தொகை முழுக்கப் போய்விடும். தள்ளி வைத்த தள்ளுபடி என்று பெயர். அம்மாவின் உறுப்பினர் புள்ளிகள் காலாவதியாகும் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பரிசு மாதிரி தெரியும் கயிறு.

அந்தக் கயிறு சிங்கப்பூருக்கும் வந்தது. 1897இல் இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு ஏற்றும் கம்பெனிகள் அதே மாதிரி ஒரு கூட்டணி அமைத்தன. விசுவாசமான எல்லா வணிகருக்கும் தள்ளுபடி என்பது வெளியே தெரிந்த ஏற்பாடு. உள்ளே இன்னொன்று இருந்தது. ஒரு சில பெரிய ஐரோப்பிய வணிக நிறுவனங்களுக்கு மட்டும் ரகசியமாகக் கூடுதல் பங்கு போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெரிய நிறுவனங்கள் நினைத்தால் சொந்தமாகக் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்ட முடியும், அதாவது விட்டுப் போக முடியும். சின்ன வணிகரால் முடியாது. விஷயம் வெளியே வந்ததும் இங்கே பெரிய சண்டை. கப்பல் கூட்டணிகளை ஆராய லண்டனில் அரச ஆணையம் உட்கார்ந்து 1909இல் அறிக்கை கொடுத்தது. 1910இல் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு இந்தத் தள்ளுபடி முறைக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது.

என் கூப்பன் நிரல் செய்வதும் இதுதான். நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே துறைமுகத்தில் பேரேட்டில் கையால் எழுதிச் செய்திருக்கிறார்கள்.

*

இதே சமயத்தில், கடலுக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடியில் ஒரு குடைக் கதை நடந்தது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. 1856இல் வேறு பெயரில் ஆரம்பித்து, 1862இல் இந்தப் பெயருக்கு மாறியது. இந்தியாவைச் சுற்றியுள்ள கடலில் அதற்கு ஈடு இல்லை. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல். பி.ஐ. கொடுத்த நெருக்கடியில் கப்பலை வாடகைக்குக் கொடுத்தவர் பின்வாங்கினார். வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்தார். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்று, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கினார்.

இதற்கு அப்புறம் நடந்தது பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாக வரும். பி.ஐ. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி எட்டணாவுக்கு இறக்கியது. பி.ஐ. கட்டணமே வேண்டாம் என்றது. சும்மா வாங்க, வந்தா ஒரு குடையும் தர்றோம்.

சின்ன வயசில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குக் குடை சிரிப்பாக இருந்தது. வெள்ளைக்காரன் எவ்வளவு பயந்துபோனான் பார் என்று சொல்லி முடிப்பார்கள். இப்போது வேறு இடத்தில் கண் நிற்கிறது. அந்தக் குடை யாருக்குக் கிடைத்தது? வருஷக்கணக்காக பி.ஐ. கப்பலில் கேட்ட காசைக் கொடுத்துக் கொழும்புக்குப் போய் வந்தவர்களுக்கு முன்பு யாரும் குடை நீட்டவில்லை. கடல் அப்போதும் அதே கடல், வெயில் அதே வெயில். பக்கத்தில் இன்னொரு கப்பல் வந்து நின்ற அன்றைக்குத்தான் பயணியின் தலையில் வெயில் படுவது கம்பெனிக்குத் தெரிந்தது. விட்டுப் போகக்கூடியவன் என்று ஆன பிறகுதான் அவனுக்குக் குடை.

குடை வாங்கிக்கொண்டு பி.ஐ. கப்பலில் ஏறியவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூலி வேலைக்கோ சின்ன வியாபாரத்துக்கோ கொழும்பு போகிறவனுக்கு ஒரு ரூபாய் பெரிய காசு. சுதேசிக் கப்பல்கள் கிட்டத்தட்டக் காலியாக ஓட வேண்டி வந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் 40 வருஷத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்குள், 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. போட்டி போன பிறகு இலவசத்துக்கும் குடைக்கும் என்ன வேலை?

ஆனால் ஒரு விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த 25 ரூபாய்ப் பங்கை வாங்கியவர்களும் வாடிக்கையாளர்கள்தான். பங்குகள் ஆசியர்களுக்கு மட்டும் என்று விதி இருந்தது. தூத்துக்குடி வணிகர்கள் தங்கள் சரக்கு போகிற கப்பலில் தாங்களே ஒரு துண்டு வைத்திருந்தார்கள். அவர்களுடைய விசுவாசம் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது, உரிமையாக. எந்தத் தங்க அட்டையும் அம்மாவுக்கு அதைக் கொடுத்ததில்லை.

*

அந்த பி.ஐ. கம்பெனிக்கும் என் வீட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அப்பாயி 1957இல் நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வந்தது அதன் ரஜூலா கப்பலில்.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்பது அதன் பாதை. கட்டியபோது 5,000 தளப் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம் உங்கள் இடம். பிற்காலத்தில் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதன் சகோதரிக் கப்பல் ரோனா, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களோடு மூழ்கியது. ரஜூலா போரில் தப்பி, பழைய பாதைக்கே திரும்பியது.

போருக்கு முந்தைய ரஜூலாவில் வந்தவர்களில் பலர் சீட்டுக்குக் காசு கொடுத்ததே இல்லை. 1907இல் மலாயாத் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தியிருந்தார்கள். தொழிலாளியின் கப்பல் சீட்டை அது வாங்கிக் கொடுத்தது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம் வைத்து ஆட்களைச் சேர்த்து அனுப்பினார்கள். இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை இது நடந்தது. அதாவது பயணி ஒருவர், வாடிக்கையாளர் இன்னொருவர். கப்பல் கம்பெனி திருப்திப்படுத்த வேண்டியது தோட்டக்காரரை. பாயில் படுத்திருந்தவர் அவர்கள் பார்வையில் சரக்குக்குப் பக்கத்தில் இருந்தார். சிங்கப்பூர் வந்ததும் தளப் பயணிகளை செயின்ட் ஜான்ஸ் தீவுத் தனிமை முகாமுக்குக் கொண்டுபோவார்கள். நோய்க்கு வகுப்பு தெரியாது, சட்டத்துக்குத் தெரிந்தது.

அப்பாயி வந்த காலத்தில் நிலைமை மாறியிருந்தது. சொந்தக் காசில் சீட்டு. தாத்தா ஏற்கெனவே இங்கே துறைமுகத்தில் வேலை. அப்பாயிக்குப் பத்தொன்பது வயசு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாய். ஏறத்தாழ ஒரு வாரம். முதல் மூணு நாள் வாந்தி. நாலாவது நாள் பக்கத்துப் பாய்க்காரம்மா ஊறுகாயும் பழைய சோறும் ஊட்டிவிட்டாராம். கம்பெனியைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கா என்று ஒரு தடவை கேட்டேன். அப்பாயி யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவன் பேர் கேக்கலப்பா. சீட்டத்தான் கேட்டான்.”

ஆனால் அப்பாயிக்கு ரஜூலாமேல் கோபமே இல்லை. அதற்கு அப்புறம் இரண்டு தடவை ஊருக்குப் போய்வந்தார். அதே பாதையில் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் என்று இன்னொரு கப்பலும் ஓடியது. “எது மொதல்ல வருதோ அதுல ஏறுவோம், ஆனா ரஜூலான்னா ஒரு சந்தோஷம்” என்பார். தேக்காவில் வயசானவர்கள் யாரிடமாவது ரஜூலா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். எந்தச் சலுகையும் தராத, பெயர்கூடக் கேட்காத கப்பல்மேல் ஒரு தலைமுறைக்கே பாசம். அது கம்பெனிமேல் உள்ள விசுவாசம் இல்லை. பக்கத்துப் பாய்க்காரர்மேல், அந்த ஒரு வாரத்தின்மேல் உள்ள பாசம். கம்பெனி அதைச் சம்பாதிக்கவில்லை. அதற்கு அது தேவைப்படவும் இல்லை.

1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அடுத்த வருஷமே உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் இறந்தார்கள். அதோடு சென்னை–சிங்கப்பூர் கப்பல் பயணம் என்ற ஒன்றே முடிந்தது. எல்லாரும் ஏற்கெனவே விமானத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

பி.ஐ. கம்பெனியின் முடிவு வேறு மாதிரி. 1914இலேயே அது பி அண்ட் ஓ கம்பெனியோடு இணைந்துவிட்டது. பெயர் மட்டும் பல வருஷம் நீடித்தது. கடைசிக் காலத்தில் அது நெவாசா, உகாண்டா என்ற பழைய கப்பல்களில் பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போனது. பி அண்ட் ஓவின் சுற்றுலாக் கப்பல்கள் பிறகு தனி நிறுவனமாகி, 2003இல் உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் குழுமமான கார்னிவலோடு சேர்ந்தன. தூத்துக்குடியில் குடை கொடுத்த கம்பெனியின் வம்சம் கடைசியில் சுற்றுலாக் கப்பலில்தான் வந்து நின்றது.

*

டிசம்பர் பயணம் முடிந்து வந்த பிறகு அம்மாவிடம் குடைக் கதையைச் சொன்னேன். என் வேலையில் உள்ள அந்த எண்ணைப் பற்றியும் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். “அப்ப நீயும் இதத்தான் பண்றியா?”

ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றேன். மூன்று மாசம் அவர்கள் மடல் எதையும் திறக்காதே, தளத்துக்குள் போகாதே. பெரியம்மாவுக்கும் சொல்லிவிட்டோம். மார்ச் கடைசியில் ஒன்று வந்தது. தலைப்பிலேயே உங்களைக் காணோமே என்று இருந்தது. கண்காட்சி விலையைவிடவும் குறைவு, கூடவே கப்பலில் செலவழிக்க 100 வெள்ளி. குறியீடு முதல் தடவையே வேலை செய்தது.

நான் ஜெயித்த மாதிரி அம்மாவிடம் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷமே இல்லை. “ஏழு, எட்டு தடவ போனப்ப இல்ல. மூணு மாசம் பேசாம இருந்ததுக்கு நூறு வெள்ளியா?” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். பெரியம்மா மட்டும் போனில், “விடு, குடுக்கறப்ப வாங்கிக்கணும்” என்றார். ஜூனில் போகிறார்கள்.

விலையில் ஏமாற்றம் என்றால் அம்மா அன்றைக்கே மறந்திருப்பாள். தான் திரும்பத் திரும்பப் போனதை அவள் ஓர் உறவு என்று எண்ணியிருந்தாள். அந்தப் பக்கம் அதை ஒரு பலவீனமாகக் குறித்து வைத்திருந்தார்கள். அப்பாயிக்கு அந்த ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் ரஜூலா அவரை அன்புள்ள என்று அழைக்கவே இல்லை.

போன வாரம் அலுவலகக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். ஐந்து வருஷத்துக்கு மேல் நம்மோடு இருப்பவர்களுக்கு, அவர்கள் எண் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், புது வாடிக்கையாளருக்குத் தரும் விலையைவிட அதிகம் காட்டக் கூடாது. நிரலில் நாலே வரி. மேலாளர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். அந்த ஐந்து வருஷக்காரர்கள் எத்தனை பேர், அதனால் வருமானம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பிறகு, “அவங்க யாரும் புகார் பண்ணலையே?” என்று கேட்டார்.

இல்லை, பண்ணவில்லை. கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.